விறைப்புக்கான பம்ப் உள்வைப்பு: எங்கே வெட்டினார்கள், பையை எங்கே வைத்தார்கள்

காவிரிக்கரை:
புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுத்த பிறகு எனக்கு விறைப்பு திரும்பவில்லை. மாத்திரை, ஊசி எதுவும் உதவாததால் மூன்று பாக உள்வைப்பு வைத்துக்கொண்டேன். இதைப் பற்றி நம் ஆட்கள் வாயே திறப்பதில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆணுறுப்புக்குள் பக்கத்துக்கு ஒரு சிலிண்டர், விதைப்பையில் பம்ப், அடிவயிற்றில் சலைன் நிரப்பிய சின்னப் பை. பம்பை அழுத்த அழுத்த சலைன் சிலிண்டருக்கு ஏறும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பைக்கே திரும்பும். 1973-இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழு வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் அடிப்படை.

எனக்கு ஆணுறுப்பும் விதைப்பையும் சேரும் இடத்தில் வெட்டு. கத்தீட்டர் போட்டு மூத்திரப்பையைக் காலி செய்துவிட்டு, இரு பக்கத் திசு அறைகளையும் திறந்து விரித்து, முன்னும் பின்னும் அளவெடுப்பார்கள். இந்த அளவில்தான் எல்லாமே இருக்கிறது. நீளம் கூடினால் வலி வரும், நாளடைவில் முனை துளைத்து வெளியே வரலாம். குறைந்தால் மொட்டுப் பகுதி தாங்கலில்லாமல் தொங்கும்.

என் விஷயத்தில் சிக்கல் அந்தப் பைதான். வழக்கமாக அதை மூத்திரப்பைக்கு முன்னால் உள்ள இடைவெளியில் வைப்பார்கள். கீழ் வெட்டு வழியாகப் போனால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் போக வேண்டும். புராஸ்டேட் எடுத்தவர்களுக்கு அங்கே எல்லாம் தழும்பேறி ஒட்டிக் கிடக்கும். மூத்திரப்பை, குடல், பெரிய ரத்தக்குழாய் எதிலும் காயம் படலாம். ஆகவே மருத்துவர் எனக்கு அதை வயிற்றுத் தசைக்கு அடியில், மேலே தள்ளி வைத்தார். தொட்டால் தட்டுப்படுகிறது, தொந்தரவு இல்லை. குடலிறக்கத்துக்கு வலை வைத்தவர்களும் “பை எங்கே வரும்?” என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கொங்கு நண்பன்:
அண்ணா, எனக்கு ஆணுறுப்பின் வேருக்குச் சற்று மேலே வெட்டினார்கள். இதில் பையைப் பார்த்தே வைக்க முடியும். ஆனால் பம்பை விதைப்பைக்குள் சரியாக இறக்குவது கடினம், உணர்வு நரம்பும் பக்கத்திலேயே ஓடுகிறது. எந்த வெட்டு என்பதைவிட, உங்கள் மருத்துவர் கை எதில் பழகியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எனக்கு இருபது வருஷமாகச் சுகர். மூன்று மாதச் சராசரி இறங்கும் வரை தேதியே தரவில்லை. அப்போது எரிச்சலாக இருந்தது, காரணம் புரிந்ததும் அடங்கினேன். கிருமி புகுந்துவிட்டால் பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுக்க வேண்டும். கழுவிச் சுத்தம் செய்து அப்போதே மாற்றுக் கருவி வைக்க முடியாமல் போனால், உள்ளே தழும்பு இறுகி உறுப்பு சுருங்கும். அதனால்தான் ஏ.எம்.எஸ். 700 என்ற உள்வைப்பு வகையில் ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளின் பூச்சு வருகிறது. டைட்டன் என்ற இன்னொரு வகையை மருந்துக் கரைசலில் நனைத்து வைப்பார்கள்.

தியேட்டர் அக்கா:
நான் அறுவை அரங்கில் செவிலியர். கருவியைத் திறப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கையுறை மாற்றுவோம், அது தோலில் படவே விடமாட்டோம். முடிந்ததும் சிலிண்டரைப் பாதி நிரப்பி இறுக்கிக் கட்டுவது ரத்தக்கட்டு வராமலிருக்க. கண் விழித்ததும் அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், வீட்டில் இருப்பவர்களிடமும் முன்பே சொல்லி வையுங்கள். விதைப்பை நன்றாக வீங்கும், வற்றிவிடும். நாலு முதல் ஆறு வாரம் கழித்து பம்ப் இயக்கக் கற்றுத்தருவார்கள். அதுவரை நீங்களாக அழுத்திப் பார்க்காதீர்கள்.

காவிரிக்கரை:
நன்றி அக்கா. தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: தொடு உணர்ச்சியும் உச்சமும் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. உறுப்பின் நீளம் அதிகமாகாது, முன்பைவிடக் குறைவாகத் தோன்றலாம். பின்னால் கருவியை எடுத்தாலும் பழைய இயல்பான விறைப்பு வராது, எனவே மற்ற வழிகளை முடித்துவிட்டு வாருங்கள். பணம் பெரிய தடை என்றால், மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த வளையும் உள்வைப்பு விலை மிகக் குறைவு. அதில் பம்பும் கிடையாது, பையும் கிடையாது. அதைப் பற்றியும் உங்கள் யூராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்.