புதுப்பிப்பு: சாய்ந்த அலமாரியைச் சுவரோடு பிடித்துவிட்டோம்
எங்கள் அம்மாபேட்டை வீட்டில் மூன்று வயது மகள் டிராயர்களைப் படியாக்கி ஏற, அலமாரியே முன்னால் சாய்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அத்தை தாங்கிப் பிடித்ததால் பிழைத்தாள்.

நேற்று ஆசாரி வந்தார். துளையில் முதலில் வெறும் பூச்சு மணல்தான் உதிர்ந்தது. சிவப்பாகச் செங்கல் தூள் வரும்வரை துளைத்த பிறகே திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளக்கைச் செருகி, எல் வடிவ இரும்புப் பட்டையைத் திருகு போட்டு முடுக்கினார். அலமாரியின் பின்பலகை மெல்லிய பிளைவுட், அதில் திருகு நிற்காது, அதனால் பட்டையின் மறுபக்கத்தை மேல்சட்டத்தில் பிடித்தார்.

கனமான அலமாரி சாயாது என்று சிலர் சொன்னீர்கள். திறந்த டிராயரில் குழந்தை நின்றால் பாரம் முன்பக்கம் போய்விடுகிறதே! அமெரிக்காவில் 2023 செப்டம்பர் முதல் தயாராகும், துணி வைக்கும் டிராயர் அலமாரிகளை இதையும் சோதித்த பிறகே விற்க முடியும்.

அப்புறம், அலமாரி மேலிருந்த டிவியை இறக்கிவிட்டோம். பொம்மையையும் மேலே வைப்பதில்லை, அதை எடுக்கத்தான் ஏறினாள்.