நெடுந்தீவில இரவு தங்கினவை இருக்கிறீங்களா? உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

பண்ணைக்கடல்:

யாழ்ப்பாணம் வாற ஆக்கள் இப்ப நிறையப் பேர் நெடுந்தீவுக்கும் போயினம், நல்ல விஷயம். ஆனா அநேகமானவை என்ன செய்யினம் எண்டா காலமை போட்டில போய் மாவிலித்துறையில இறங்கி, துறையடியிலயே ஒரு ஓட்டோவைப் பிடிச்சு, குதிரை, பெருக்கமரம் (பாவோபாப் மரம்), வளருற கல்லு (வளர்ந்துகொண்டு போகுது எண்டு சனம் நம்புற ஒரு கல்லு), கோட்டை எண்டு ஓடி ஓடி படம் எடுத்துப்போட்டு பின்னேரப் போட்டுக்கு திரும்ப ஓடி வருகினம். பிறகு "அங்க பெரிசா ஒண்டும் இல்லை, வெயில் தான்" எண்டு எழுதுகினம். அதை வாசிக்கேக்க எனக்கு மனம் பொறுக்கேல்லை. உச்சி வெயிலுக்கை ஓட்டோவில சுத்தினா எந்தத் தீவும் அப்பிடித்தான் தெரியும். நெடுந்தீவைப் பாக்கோணும் எண்டா கடைசிப் போட்டைப் போக விட்டுட்டு அங்கயே நிக்கோணும்.

போற வழி கன பேருக்குத் தெரியும், தெரியாதவைக்குச் சொல்லுறன். யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டில குறிகட்டுவான் பஸ், 776. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு எண்டு போகும். பாலத்தில போகேக்க ரெண்டு பக்கமும் கடல், சன்னல் பக்கம் இருங்கோ. குறிகட்டுவான் துறையில நயினாதீவுக்குப் போற சனமும் நிக்கும், எந்தப் போட் எங்க போகுது எண்டு கேட்டு ஏறுங்கோ. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில ஓட்டம். சோளகக் காத்து (தென்மேற்குப் பருவக்காத்து) நேரத்தில அலை சரியா அடிக்கும், சத்தி வாற ஆக்கள் அந்த மாசங்களைத் தவிர்க்கிறது நல்லம். மாசி பங்குனியில கடல் படுத்துக் கிடக்கும்.

அங்க என்ன செய்யலாம் எண்டு கேக்கிறவைக்கு என்ர முதல் பதில் சைக்கிள். தங்குற வீட்டில கேட்டா ஒழுங்கு பண்ணித் தருவினம். தீவு எட்டுக் கிலோமீட்டர் அளவு நீளம், ஆறு கிலோமீட்டர் அகலம், மேடு பள்ளம் எண்டு ஒண்டும் இல்லை, சும்மா மிதிச்சுக்கொண்டே போகலாம். ரோட்டின்ர ரெண்டு பக்கமும் கல்வேலி. கடல் முருகைக் கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சீமெந்து சாந்து ஒண்டும் இல்லாம ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கின வேலி, வளவுக்கு வளவு, தோட்டத்துக்குத் தோட்டம், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். எங்கட மற்ற இடங்களில கிடுகு வேலி, பனைமட்டை வேலி, இப்ப மதில். இஞ்ச மட்டும் இப்பிடி. ஓட்டோவில போறவை இதைப் பாக்கிறதே இல்லை, தூசி பறக்க ஓடிப் போயிடும்.

ஒருக்கா விடியக் காலமை சைக்கிளில போகேக்க ஒரு ஐயா விழுந்த வேலியைத் திரும்பக் கட்டிக்கொண்டு நிண்டார். நான் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு பாத்துக்கொண்டு நிண்டன். அவர் ஒரு கல்லை எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்து, வைச்சு, சரிவரேல்லை எண்டா கீழ போட்டுட்டு வேற கல்லு எடுப்பார். பெரிய கல்லு அடியில, மேல போகப் போக சின்னக் கல்லு. ஏன் ஐயா இவ்வளவு ஓட்டை விடுறீங்கள் எண்டு கேட்டன். சோளகம் அடிக்கேக்க காத்து உள்ளுக்கால போயிடும் தம்பி, அடைச்சுக் கட்டினா ஒரு வருசத்தில தள்ளி விழுத்திப் போடும் எண்டார். பிறகு என்னட்டையும் ஒரு கல்லைத் தந்து வைக்கச் சொன்னவர். நான் வைச்சதை அவர் எடுத்து கொஞ்சம் திருப்பி வைச்சார், அவ்வளவு தான், அது இறுகி நிண்டிட்டுது. பேந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மா பால் தேத்தண்ணி தந்தவா. நெடுந்தீவில மாடுகள் கூட, பாலும் தயிரும் தாராளம், அந்தத் தேத்தண்ணியின்ர ருசி யாழ்ப்பாண டவுணில எங்கயும் கிடைக்காது.

குதிரைக்கு வருவம். போர்த்துக்கீசர் காலத்திலயும் ஒல்லாந்தர் காலத்திலயும் இஞ்ச வளத்த குதிரையளின்ர பரம்பரை தான் இப்ப காட்டுக் குதிரையா நிக்கிறது, கட்டையான சாதி. பழைய லாயத்தின்ர கல்தூண்கள் வரிசையா இப்பவும் நிக்குது. மத்தியானம் போனா தூரத்தில நாலைஞ்சு நிக்கிறதைத் தான் காணுவீங்கள். வெயில் தாழ்ந்தாப் பிறகு தெற்குப் பக்க வெளிக்குப் போங்கோ. நான் போய் ஒரு கல்லில இருந்தனான், கூட்டமா வந்தது, குட்டியளும், தங்கட பாட்டில மேய்ஞ்சு மேய்ஞ்சு கிட்ட வந்து, நான் அசையாம இருந்தபடியா என்னைத் தாண்டிப் போனது. அதுக்குப் பின்னால ஓடாதேங்கோ, ட்ரோன் விடாதேங்கோ. கோடையில குளம் குட்டை வத்திப் போனா தண்ணி இல்லாம அதுகள் படுற பாடு பெரிசு, அந்த நேரத்தில துரத்தி ஓட வைக்கிறது பாவம்.

பெருக்கமரத்தின்ர அடியில பொந்து, உள்ளுக்கை ஆக்கள் போய் நிக்கலாம். ஆப்பிரிக்க மரம், அரபு வியாபாரியள் கொண்டு வந்ததெண்டு சொல்லுவினம். மன்னார் பள்ளிமுனையிலயும் ஒரு பெரிய பெருக்கமரம் இருக்கு, அதைப் பாத்தவை இதையும் பாருங்கோ. கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால, இடிஞ்சு போய் சுவர் மட்டும் நிக்குது. வளருற கல்லுக்கு ஊர்ச்சனம் பூ வைச்சுக் கும்பிடுகினம், அங்க போகேக்க செருப்பைக் கழட்டிப்போட்டு போங்கோ.

சாப்பாடு முதலே சொல்லி வைக்கோணும். கடை அதிகம் இல்லை. தங்குற வீட்டில காலமையே சொன்னா பின்னேரம் நண்டோ மீனோ வாங்கிச் சமைச்சுத் தருவினம். நான் சாப்பிட்ட நண்டுக்கறிக்கு முருங்கையிலை போட்டிருந்தவை, அதோட புட்டு. பனங்கிழங்கு காலத்தில போனா அவிச்ச கிழங்கு கேட்டு வாங்குங்கோ.

தங்கினவை மிச்சத்தை எழுதுங்கோ.

காவிரிக்கரை:

நான் திருச்சிங்க. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் ஆரம்பிச்சாங்க இல்லையா, நடுவுல நின்னு போய் மறுபடி ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் குடும்பத்தோட அதுல தான் போனோம். யாழ்ப்பாணம், நல்லூர், நயினாதீவுன்னு மட்டும் தான் பிளான், நெடுந்தீவு எங்க லிஸ்ட்லயே இல்ல. யாழ்ப்பாணத்துல தங்கியிருந்த வீட்டு அக்கா தான் ஒரு ராத்திரி அங்க தங்கிட்டு வாங்கன்னு சொல்லி போன் போட்டு ஏற்பாடும் பண்ணிக் கொடுத்தாங்க.

பண்ணைக்கடல் அண்ணா தண்ணி பத்தி குதிரைக்கு மட்டும் சொல்லியிருக்காரு, மனுசங்களுக்கும் அங்க அது தான் பெரிய விஷயம். நிறைய கிணத்துல தண்ணி உப்பு. நல்ல தண்ணி இருக்கற இடத்துக்கு போய் கேன்ல எடுத்துட்டு வர்றாங்க. சாயங்காலம் அந்த வீட்டு அம்மா கேன் கட்டின சைக்கிளோட கிளம்புனாங்க, நானும் என் பொண்ணும் கூட போனோம். கிணத்தடில நாலஞ்சு பேர் நின்னுட்டு இருந்தாங்க, நாங்க தமிழ்நாடுன்னு தெரிஞ்சதும் எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க, எந்த ஊரு, என்ன பண்றீங்க, வேளாங்கண்ணி உங்களுக்கு கிட்டவா, அங்க வரணும்னு ரொம்ப நாள் ஆசைன்னு ஒரு பாட்டி. எம்பொண்ணு வாளி இழுக்க கத்துக்கிட்டா, வீட்ல குழாய தொறந்து விட்டுட்டு பல்லு விளக்குற புள்ள அன்னிக்கு ராத்திரி ஒரு சொம்பு தண்ணில முகம் கை கால் எல்லாம் கழுவிட்டு வந்தா, நான் ஒண்ணுமே சொல்லல. போறவங்க தயவுசெஞ்சு அங்க பக்கெட் பக்கெட்டா ஊத்திக் குளிக்காதீங்க, அவங்க வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, நம்ம தான் புரிஞ்சுக்கணும்.

மறுநாள் காலைல புறாக்கூடு பார்த்தோம், ஒல்லாந்தர் காலத்துதாம், செவுத்துல மாடம் மாடமா இருக்கு, செய்தி அனுப்ப புறா வளர்த்தாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் கடல்ல இறங்கி ரொம்ப நேரம் இருந்தோம், கரையில ஆளே இல்ல. காலுக்கு அடியில முருகைக் கல்லு கிழிக்கும், பழைய செருப்பு போட்டுக்கிட்டு இறங்குங்க.

ஒரு கேள்வி, என் தங்கச்சி கைக்குழந்தையோட போகணும்னு சொல்றா, போட்ல சமாளிக்க முடியுமா?

ஸ்காபரோ பெடியன்:

என்ர அம்மா நெடுந்தீவு மேற்கு. நான் பிறந்தது கனடாவில, தமிழ் எழுதுறது கொஞ்சம் கஷ்டம், பிழை இருந்தா மன்னிக்கவும்.

அம்மா ஊரைப் பற்றி நிறையக் கதைப்பா, பனங்காய்ப் பணியாரம், கல்வேலிக்கு மேலால ஏறிப் பாஞ்சது, மாட்டுக்குப் பின்னால திரிஞ்சது எல்லாம். ஆனா போட் பற்றிக் கேட்டா கதையை மாத்திப்போடுவா. நான் வளந்தாப் பிறகு தான் குமுதினி பற்றி வாசிச்சனான். 1985 மே 15, நெடுந்தீவில இருந்து போன குமுதினிப் படகை நடுக்கடலில மறிச்சு, உள்ளுக்கை இருந்த சனத்தை வெட்டிக் கொலை செய்தவை. இருபதுக்கு மேல ஆக்கள், பெண்கள், குழந்தைப்பிள்ளையள். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன சாதாரண சனம்.

நான் முதல் தரம் போகேக்க எனக்குப் பக்கத்தில ஒரு வயசான ஐயா இருந்தவர். ஆற்ற மகன் எண்டு கேட்டார். அம்மாவின்ர பேர், அம்மப்பாவின்ர பேர் சொன்னன். அவருக்கு உடன தெரிஞ்சுது. உங்கட அம்மப்பா எங்களுக்கு மாடு தந்தவர் எண்டு சொல்லி என்ர கையைப் பிடிச்சவர் இறங்குமட்டும் விடேல்லை. பாதி வழியில கடலைக் காட்டி, இந்தப் பக்கம் தான் தம்பி எண்டு மட்டும் சொன்னார். நானும் கேக்கேல்லை. இறங்கினாப் பிறகு துறையடியில இருக்கிற நினைவிடத்துக்கு அவர் தான் கூட்டிக்கொண்டு போனது, நிண்டு கும்பிட்டனாங்கள்.

துறையில இறங்கி ஓட்டோ தேடுற எல்லாரும் முதல் அந்த இடத்துக்குப் போய் கொஞ்ச நேரம் நில்லுங்கோ. தீவுச் சனத்துக்கு ஆஸ்பத்திரி, படிப்பு, உத்தியோகம் எல்லாத்துக்கும் இருக்கிறது இந்த ஒரு கடல் பாதை தான். அண்டைக்கு அதில போனவையும் அப்பிடித்தான் போனவை.

பின்னேரம் ஊர்ப் பெடியளோட வொலிபோல் விளையாடினனான், இருட்டி பந்து தெரியாம வந்த பிறகும் ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. பின்னேரப் போட்டில திரும்பி இருந்தா அந்தப் பெடியள் ஒருத்தரையும் நான் சந்திச்சிருக்க மாட்டன். இப்பவும் எங்களுக்குள்ள வாட்ஸ்அப் குரூப் இருக்கு.

பாம்பன் காத்து:

நான் நெடுந்தீவுக்குப் போனதில்ல, ஆனா அந்த ஊர்க்காரவுகள பார்த்திருக்கேன், அத சொல்லலாமான்னு தெரியல, சொல்றேன். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்துல இருந்து போட்ல போவோம்ல, மாசி பங்குனி வாக்குல வரும். கச்சத்தீவு நிர்வாகம் நெடுந்தீவோட சேர்ந்தது, அந்தப் பக்கத்துல இருந்து வர்ற சனத்துல நெடுந்தீவு ஆளுகளும் நிறைய இருப்பாக. தீவுல குடியிருப்பு கிடையாது, குடிக்க தண்ணி கிடையாது, ராத்திரி மணல்ல துண்ட விரிச்சு படுக்குறது தான்.

எங்களுக்குப் பக்கத்துல ஒரு நெடுந்தீவு குடும்பம். அந்த அம்மா ஒடியல் மாவுல (காஞ்ச பனங்கிழங்கு மாவு) செஞ்ச பிட்டு கொடுத்தாக, நாங்க கொண்டுபோன கருவாட்டையும் மிக்சரையும் கொடுத்தோம். வீட்டுக்காரரும் மீன்பிடி தான். வலை, மீன் பாடு, டீசல் விலை பேசிக்கிட்டு இருந்தோம், அப்புறம் அவரே ட்ராலர் பத்தி ஆரம்பிச்சாரு. உங்க இழுவைப் படகு வந்து போனா எங்க வலையும் போயிடுது, அடியில இருக்குற குஞ்சும் போயிடுதுன்னாரு. சத்தம் போடல, கோவமா பேசல. நான் நாட்டுப்படகு, எனக்கும் அதே பாதிப்பு தான்னு சொன்னேன். விடிய பூசை முடிஞ்சு அவுக அவுக போட்ல ஏறுறப்ப எங்க ஊருக்கு ஒரு தடவ வாங்கன்னு கூப்பிட்டாரு. எங்க ஊர்ல இருந்து பாத்தா அது கிட்டத்துல தான் கெடக்கு, ஆனா போகணும்னா பாஸ்போர்ட் எடுத்து நாகப்பட்டினமோ சென்னையோ போய் சுத்தி வரணும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். வந்தா அவுக வீட்டுல தான் தங்குவேன்.

பண்ணைக்கடல்:

பாம்பன் அண்ணை, கட்டாயம் வாங்கோ, யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டிலயும் ஒரு நாள் நில்லுங்கோ. தம்பி, உங்கட தமிழில ஒரு பிழையும் இல்லை, அம்மாவைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ.

காவிரிக்கரை அக்கா, கைக்குழந்தையோட போகலாம், எங்கட சனம் எல்லாம் குழந்தையளோட தானே போய் வருகினம். மாசி, பங்குனி, சித்திரைத் தொடக்கம் நல்லம். விடியப் போட்டுக்கு நேரத்தோட போய் நிண்டா உள்ளுக்கை இருக்க இடம் கிடைக்கும், பிந்திப் போனா நெரிபட வேண்டி வரும். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்கோ. போட் நேரம் மாறும், காத்து கூடினா நிப்பாட்டியும் போடுவினம், அதால முதல் நாளே தங்குற வீட்டுக்குப் போன் எடுத்து கேளுங்கோ. திரும்பி வாற அண்டைக்கே விமானமோ கப்பலோ புக் பண்ண வேண்டாம், நடுவில ஒரு நாள் விடுங்கோ. குழந்தைக்குத் தேவையான மருந்து, பால்மா, பம்பர்ஸ் எல்லாம் டவுணில இருந்தே வாங்கிக்கொண்டு போங்கோ, காசும் கையில கொண்டு போங்கோ. குடிக்கிற தண்ணிப் போத்தலும் எடுங்கோ, வெறும் போத்தலைத் திரும்ப டவுணுக்கே கொண்டு வந்திடுங்கோ.