எண்ணெய்க் கத்திரிக்காயை இலையில் கட்டி அனுப்ப வழி உண்டா?

மாடிச்சமையல் (வேலூர்):

சத்துவாச்சாரியில் வீட்டு மாடியிலேயே சமையல்கட்டு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, எல்லாம் பார்சல்தான். மதியம் சீரக சம்பா பிரியாணி, ராத்திரி இட்லி, சப்பாத்தி. ஒரு நாளைக்கு 60, 70 ஆர்டர். பாதி ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், மீதி காலேஜ் பிள்ளைகள்.

கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவை விட்டு இலைக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. பிரியாணியில் தொல்லை இல்லை. வாழையிலையில் மடித்து, மேலே பழுப்புத் தாள் சுற்றி, நூல் கட்டினால் போதும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது வருகிற வாசனைக்கே திரும்ப ஆர்டர் போடுகிறார்கள். கழுத்தறுப்பது அதோடு வைக்கிற எண்ணெய்க் கத்திரிக்காய். மந்தாரை இலைத் தொன்னையில் வைத்து மேலே இன்னொரு தொன்னையைக் கவிழ்த்துக் கட்டினேன். பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் ஈர்க்கு குத்திய ஓட்டை வழியாக எண்ணெய் இறங்கிவிட்டது. வாங்கியவர் படம் எடுத்துப் போட்டார்: பைக்குள் எண்ணெய்க் குளம், நடுவில் காம்போடு ஒரு கத்திரிக்காய். ஒரே ஒரு நட்சத்திரம். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

தொன்னைக்குள் பிளாஸ்டிக் தாள் விரிக்கச் சொல்கிறார்கள். அந்தத் தாளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தடை இல்லையென்றாலும், தாள் விரிப்பதற்கு இலை எதற்கு? பாக்கு மட்டைக் கிண்ணம் ஒழுகவில்லை, ஆனால் மூடி பொருந்துவதில்லை, விலையும் கையைக் கடிக்கிறது. வேறு என்ன செய்யலாம்?

இலைக்கட்டு (குடியாத்தம்):

தாத்தா காலத்திலிருந்து இலை வியாபாரம். முதலில் ஒரு கேள்வி: இலையை வாட்டுகிறீர்களா? பச்சை இலையை மடித்தால் நரம்போடு கிழியும், அந்தக் கீறல் வழியாகத்தான் எண்ணெய் போகும். இலையின் அடிப்பக்கத்தை அனலில் காட்டி மெதுவாக இழுங்கள். வெளிர்பச்சை கரும்பச்சையாகி மினுங்கும், துணி மாதிரி துவளும். உடனே எடுத்துவிடுங்கள், ஒரு நொடி தாண்டினால் கருகும். நடு நரம்பைச் சீவி எறிந்துவிட்டு, இரண்டு ஏட்டை (இலைத் துண்டை) ஒன்றின் நரம்பு நீளவாக்கிலும் மற்றதன் நரம்பு குறுக்காகவும் வைத்து மடியுங்கள். நூலுக்குப் பதில் நனைத்த வாழைநாரால் கட்டுங்கள்.

தலைவாழை இலை வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள். பொட்டலத்துக்கு ஏடே போதும். ஆவணியில் முகூர்த்தம் வந்தால் விலை ஏறும், அதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

சோதனைக்குழாய்:

பாக்கு மட்டை பற்றி ஒரு சேதி. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டு, கிண்ணங்களை அங்கே விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் என்கிற வேதிப்பொருள்கள் சாப்பாட்டில் இறங்கலாம் என்பது காரணம். அது அவர்கள் ஊர் விதிதான். ஆனாலும் சுடச்சுடப் புளிக்குழம்பு ஊற்றி மணிக்கணக்கில் மூடி வைக்க நான் யோசிப்பேன். அப்புறம், பழுப்புத் தாள் தீர்ந்துபோனால் அவசரத்துக்கு செய்தித்தாளை எடுத்துவிடாதீர்கள், மை சாப்பாட்டில் ஒட்டும்.

ஆம்பூர்_அடுப்பு:

தம்பி, கோளாறு இலையில் இல்லை, உங்கள் கத்திரிக்காயில். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் பிரியாணிக்கு வைக்கிற கத்திரிக்காய் ஓடவே ஓடாது. வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து அரைத்துப் போட்டு, புளி சுண்டி, எண்ணெய் மேலே பிரியும் வரை அடுப்பில் வைப்போம். அப்புறம் சட்டியைச் சாய்த்து வைத்து அந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்துவிடுவோம். வழித்த எண்ணெய் மறுநாள் தாளிக்க ஆகும். ஓட்டலில் தட்டில் ஊற்றுகிற பதத்தில் செய்து இலையில் கட்டினால் எந்த இலை தாங்கும்?

தயிர் வெங்காயத்தை மட்டும் இலையில் கட்ட நினைக்காதீர்கள். லாட்ஜ்காரர்கள் பத்து நாள், இருபது நாள் தங்குகிறவர்கள்தானே? முன்பணம் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டப்பா கொடுங்கள். மறுநாள் சாப்பாடு கொடுக்கும்போது காலி டப்பா கைக்கு வந்துவிடும்.

மாடிச்சமையல் (வேலூர்):

இரண்டு வாரம் ஆயிற்று, சொல்லிவிடுகிறேன். ஆம்பூர் அக்கா சொன்னபடி சுண்டவைத்து, வாட்டிய ஏட்டில் கட்டினேன். முதல் நாள் நான்கு ஏட்டைக் கருக்கினேன், இப்போது கை பழகிவிட்டது. பாலம் தாண்டியும் பை காய்ந்தே இருக்கிறது. காலேஜ் பக்கம் தயிர் வெங்காயத்தை நிறுத்திவிட்டேன், வெங்காயமும் எலுமிச்சையும் மட்டும் போகிறது. இரண்டு பேர் திட்டினார்கள்.

லாட்ஜ்களுக்கு 12 எவர்சில்வர் டப்பா விட்டேன், 11 திரும்பி வந்தது. ஒன்று ஹவுரா ரயில் ஏறிவிட்டதாம். டப்பா 140 ரூபாய், நான் வாங்கிய முன்பணம் 100. நாளையிலிருந்து 150.