பழைய மில்லிங் மெஷினில் புஷ் மாற்றிய அனுபவங்கள்

என்னிடம் இருப்பது சின்ன ஹரிசான்டல் மில்லிங் மெஷின், பல கை மாறி வந்தது. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் இதில் கிடையாக இருக்கும். ஸ்பிண்டிலில் ரோலர் பேரிங்; அதில் ஒரு குறையும் இல்லை. கட்டரை மாட்டும் நீளமான ஷாஃப்ட்டுக்கு ஆர்பர் என்று பெயர்; அதன் ஒரு முனை ஸ்பிண்டிலில் இருக்கும், மறுமுனையை மேலே நீண்டிருக்கும் ஓவர்ஆர்மில் மாட்டிய சப்போர்ட் தாங்கும். அந்த சப்போர்ட்டில் ஷாஃப்ட் சுற்றும் வெண்கலக் குழாய் போன்ற புஷ்தான் தேய்ந்து போயிருந்தது. கட்டர் இரும்பில் பட்டதும் மெஷின் முழுக்க அதிரும். வெட்டிய பரப்பில் விரலை ஓட்டினால் வரிவரியாகத் தட்டும்.

புஷ்ஷில் கைவைப்பதற்கு முன்னால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) மேக்னடிக் ஸ்டாண்டை சப்போர்ட்டிலேயே ஒட்டி, முனையை ஆர்பர் மேல் வைத்து, அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து மெல்ல நெம்பிப் பார்த்தேன். முள் 0.15 மி.மீ. நகர்ந்தது. 25 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 0.03 இடைவெளி இருந்தால் போதும்; இங்கே ஐந்து மடங்கு. பிறகு அதே சோதனையை ஸ்பிண்டில் மூக்கிலும் செய்தேன். அங்கே முள் அசையவில்லை. இந்த இரண்டாவது சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்பிண்டில் பேரிங்கில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு புஷ்ஷை எத்தனை முறை மாற்றினாலும் அதிர்வு போகாது.

ஷாஃப்ட்டையும் அளந்துவிட வேண்டும். புஷ்ஷுக்குள் ஓடும் இடம், ஓடாத இடம் இரண்டிலும் மைக்ரோமீட்டர் வைத்து ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும். எனக்கு 0.01 மட்டுமே குறைந்திருந்தது, அதுவும் சீரான வட்டமாக. ஆகவே ஷாஃப்ட்டைத் தொடவில்லை. புஷ் மட்டும் முட்டை வடிவில் போயிருந்தது: மேல்கீழாக ஒரு அளவு, குறுக்காக வேறு அளவு. வெட்டும் விசை பெரும்பாலும் ஒரே பக்கமாகத் தள்ளுவதால் அப்படித்தான் தேயும்.

சரி, ஏன் இவ்வளவு தேய்ந்தது? எண்ணெய்க் கிண்ணத்தின் துளையில் கம்பியை விட்டேன், பாதி வழியில் நின்றுவிட்டது. எண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்தில் யாரோ எப்போதோ கிரீஸை அடித்திருக்கிறார்கள். அது காய்ந்து மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் ஒரு சொட்டுகூட ஷாஃப்ட்டுக்குப் போயிருக்காது. போதாக்குறைக்கு, கிரீஸில் ஒட்டிய வார்ப்பிரும்புத் தூள் அரைக்கும் பசையாகவே வேலை செய்யும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, டிரில் பிட்டைக் கையால் திருகித் திருகி அந்த அடைப்பை எடுத்தேன். மொத்த வேலையில் முக்கியமானது என்று நான் நினைப்பது இதைத்தான். இந்த வழியைத் திறக்காமல் புது புஷ் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

கழற்றுவதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய மெஷின்களில் புஷ் சுற்றாமல் இருக்க ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) போட்டிருப்பார்கள். சில சமயம் புஷ்ஷில் பாதி, வார்ப்பில் பாதி என்று விளிம்பிலேயே மரை போட்டு இறக்கியிருப்பார்கள். அதன் மேல் பட்டியும் பெயின்டும் பூசியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. விளிம்பைச் சுற்றி உலோகம் தெரியும் வரை சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் இழுக்க ஆரம்பித்தேன்; எனக்கும் ஒன்று அகப்பட்டது. அதன் பிறகு சுத்தியலுக்கு வேலையே இல்லை. நீளமான ஸ்டட் (மரை போட்ட கம்பி), ஒரு முனையில் புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய கனமான வாஷர், மறுமுனையில் புஷ் உள்ளே வந்து உட்காரும் அளவு பைப் துண்டு, நட்டை ஸ்பானரால் திருகத் திருகப் புஷ் தானாக நகர்ந்து வரும். வார்ப்பிரும்பு இழுவிசையையும் அடியையும் தாங்காது. சப்போர்ட் உடைந்தால் சரிசெய்வது எளிதல்ல.

புது புஷ்ஷுக்கு எஸ்ஏஇ 660 வெண்கலம் எடுத்தேன். செம்பு 83, வெள்ளீயம் 7, காரீயம் 7, துத்தநாகம் 3 சதவீதம் வாக்கில் இருக்கும். அந்தக் காரீயம்தான் இதன் பலம்: எண்ணெய் கொஞ்சம் குறைந்தாலும் ஷாஃப்ட்டைப் பிடிக்காது, சின்னத் தூசி விழுந்தால் தன்னுள் புதைத்துக்கொள்ளும். பாஸ்பர் பிரான்ஸ் இதைவிடக் கடினம். நன்றாக ஹார்டன் செய்த ஷாஃப்ட்டுக்குச் சரி, மென்மையான ஷாஃப்ட்டுக்கு வேண்டாம்.

லேத்தில் வெளிவிட்டத்தையும் உள்துளையையும் ஒரே செட்டிங்கில் கடைந்தேன். உள்துளையில் அரை மி.மீ. விட்டுவைத்தேன். வெளிவிட்டம் 40 மி.மீ., ஹவுசிங்கைவிட (புஷ் உட்காரும் துளை) 0.03 கூடுதல். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: கடைந்து முடித்த சூட்டோடு அளக்கக் கூடாது. வெண்கலம் ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 18 மைக்ரான் விரியும். 40 மி.மீ. புஷ் அறைச் சூட்டைவிட 40 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் அளவு 0.03 கூடுதலாகக் காட்டும். நீங்கள் கணக்குப் போட்ட இறுக்கம் முழுக்க அதிலேயே போய்விடும். இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வரும். புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து எடுத்தேன், கிட்டத்தட்ட அந்த 0.03 சுருங்கியது. அதே ஸ்டட்டைக் கொண்டு இழுத்தபோது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. மேலே படியும் ஈரத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். எண்ணெய்த் துளை நேராக நிற்கிறதா என்பதை இறுக்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்; உட்கார்ந்த பிறகு திருப்ப முடியாது.

புஷ் இறுகியதும் உள்துளை சுருங்கும், ஏறக்குறைய வெளியே கொடுத்த இறுக்கத்தின் அளவுக்கே. அதனால்தான் இறுதி அளவை மெஷினிலேயே எடுத்தேன். போரிங் பாரை (துளையை உள்ளே கடையும் டூல் பிடித்த தண்டு) ஸ்பிண்டிலில் மாட்டி, சப்போர்ட்டை அதன் இடத்தில் வைத்து, ஓவர்ஆர்மின் பிடியை ஆடாமல் வழுக்கும் அளவுக்கு மட்டும் தளர்த்தினேன். ஹரிசான்டல் மெஷினில் சேடில் (மேஜையைத் தாங்கும் பகுதி) நகர்வது ஸ்பிண்டில் அச்சுக்கு இணையாகத்தான். ஆகவே மேஜையில் பிடித்த ஒரு கட்டையால் சப்போர்ட்டைத் தள்ளி ஃபீட் கொடுத்தேன். இறுக்கிக் கட்டவில்லை, தள்ள மட்டும்தான். மேஜை போகும் வழியும் ஓவர்ஆர்ம் போகும் வழியும் மயிரிழை வேறுபட்டாலும் அந்த வித்தியாசம் துளையில் ஏறக் கூடாது. கடைசி வெட்டு 0.05. பிறகு டூலை நகர்த்தாமல் அதே வழியில் இன்னொரு தடவை. ஸ்பிண்டிலே தனக்கு வேண்டிய துளையைப் போட்டுக்கொள்வதால் சென்டர் மாறும் என்ற பயமே இல்லை.

உள்ளே எண்ணெய்க் காடி ஒன்று வெட்டினேன், விசை விழாத பக்கத்தில், இரு முனைக்கும் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும்படி. முனை வரை விட்டால் எண்ணெய் எல்லாம் வெளியே ஓடிவிடும். முதலில் குறைந்த வேகத்தில் சும்மா ஓடவிட்டுக் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். இப்போது அதே கட்டர், அதே ஆழம், பரப்பு பளிச்சென்று வருகிறது. மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

உங்கள் மெஷின்களில் எந்த புஷ் போயிருந்தது? எழுதுங்கள்.

*

அண்ணா, அருமை. என்னுடையது மேஜையை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் முனையில், பிராக்கெட்டுக்குள் உள்ள புஷ். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால்தான் மேஜை நகரும். பார்த்தவர்கள் எல்லோரும் நட் தேய்ந்துவிட்டது, நட்டை மாற்று என்றார்கள். நான் டயல் கேஜை ஸ்க்ரூவின் தலையில் வைத்து, மேஜையைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினேன். நட் தேய்ந்திருந்தால் மேஜை நகரும், ஸ்க்ரூ முனை பிராக்கெட்டுக்குள் நகராது. எனக்கு மேஜையோடு பிராக்கெட் நகர்ந்தது, ஸ்க்ரூ மட்டும் அப்படியே நின்றது. அப்படியென்றால் ஆட்டம் முனையில், காலர் உரசும் முகத்தில். அந்த புஷ்ஷின் ஃபிளாஞ்ச் (அகன்ற விளிம்பு) கத்தி மாதிரி மெலிந்து போயிருந்தது.

புது புஷ்ஷில் ஃபிளாஞ்சைக் கொஞ்சம் தடியாக விட்டு, மெஷினில் பொருத்திப் பார்த்துப் பார்த்துக் கடைந்து குறைத்தேன். ஆட்டம் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பது நட்டுடையது, அது இன்னும் பல காலம் ஓடும். டவுன் மில்லிங் (கட்டர் பல் வெட்டும் திசையிலேயே மேஜையும் போவது) செய்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கட்டர் மேஜையைத் தன் பக்கம் சட்டென்று இழுத்துக்கொள்ளும். வேலைத்துண்டும் போகும், கட்டரும் போகும்.

அண்ணா, ஒரு கேள்வி. ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு புஷ் இருந்தால், உங்கள் முறை சரிவருமா?

*

தம்பி, அங்கே என் முறை வேண்டாம். இரண்டையும் உட்காரவைத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே தடவையில் எட்டும் நீளமான பைலட் ரீமரை (முன்முனை வழிகாட்ட, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் டூல்) விட்டு எடுங்கள். தனித்தனியாக ரீமர் போட்டால் ஒவ்வொன்றிலும் ஷாஃப்ட் அழகாகச் சுற்றும், இரண்டிலும் சேர்த்து நுழைத்தால் இறுகும். அந்த இறுக்கத்தைப் போக்க எமரி போட்டு உரசாதீர்கள். அந்தத் துகள் வெண்கலத்தில் புதைந்துகொண்டு ஷாஃப்ட்டைத் தின்னும். உங்கள் நட் சோதனையைக் குறித்துக்கொண்டேன், என் மெஷினிலும் செய்து பார்க்கிறேன்.

*

ஃபீட் கியர்பாக்ஸில் எனக்கு எண்ணெய் ஊறிய சின்டர்ட் புஷ்கள் இருந்தன. அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்பவை, ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைதான், அந்தத் துளைகளில்தான் எண்ணெய் நிற்கிறது. ரீமரோ ஹோனிங் கல்லோ போட்டால் அந்தத் துளைகளின் வாய் மூடிக்கொள்ளும். அளவு சரியாகக் கிடைக்கும், எண்ணெய் வராது. நான் இறுதி அளவுள்ள பளபளப்பான மேன்ட்ரலின் (அளவான உருளைத் தண்டு) மேல் வைத்து அழுத்தி உட்காரவைத்தேன். துளை மேன்ட்ரலின் அளவுக்கே சுருங்கி நின்றுவிடுகிறது. கடைந்தே ஆக வேண்டுமென்றால் புதிதாகத் தீட்டிய கூரான டூலால் மெல்லிய வெட்டாக எடுங்கள். அப்புறம், சுத்தம் செய்கிறேன் என்று அவற்றை மண்ணெண்ணெயில் போட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் எண்ணெயும் சேர்ந்து போய்விடும்.