வீட்டுக்கல்வி: பல பாடம் வைத்தால் 13 வயதுப் பிள்ளைக்கு உண்மையில் என்ன திறன் வரும்?

பாயான்பாரு_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் பினாங்கில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) வயதுப் பிள்ளை. வீட்டிலேயே படிக்கிறாள். கணிதம், அறிவியல், மூன்று மொழி, வரலாறு, அதோடு சமையல், தையல், தச்சு, கணினி நிரல் எல்லாம் அட்டவணையில் இருக்கிறது. ‘எல்லாத்தையும் தொட்டா எதுலயும் கை வராது’ என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இதில் என்ன திறன் வளர்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிழல்கோல்:
சகோதரி, சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. பாடங்களை வெறுமனே அடுக்கினால் எதுவும் நிற்காது. அளப்பது, குறித்து வைப்பது, பிழை எங்கே என்று தேடுவது, பிறருக்கு விளக்குவது ஆகிய நான்கும் எல்லாப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதற்கு ஒரே ஒரு குறிப்பேடு போதும். பாடத்துக்கு ஒன்று வைக்காதீர்கள். பக்க எண்ணும் தேதியும் போட்டு, பேனாவில் எழுதட்டும். தவறினால் ஒரு கோடு மட்டும் அடிக்கட்டும், கிழிக்கக் கூடாது.

நிழல்கோல் சோதனையை, அதாவது ஒரு கம்பியின் நிழலை அளந்து நண்பகலைக் கண்டுபிடிப்பதைச் செய்ய வையுங்கள். பால் டின்னில் மணல் நிரப்பி, டின்னின் உயரத்தையும் சேர்த்துத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் நிற்கும்படி ஒரு மெல்லிய கம்பியை நடவும். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கம்பியை மையமாக வைத்துச் சுற்றிலும் 25, 30, 35, 40 செ.மீ. ஆரத்தில் வட்டங்கள் வரையட்டும். நிழல் நுனி ஒவ்வொரு வட்டத்தையும் காலையில் தொடும் நேரத்தையும் பிற்பகலில் தொடும் நேரத்தையும் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுநேரம்தான் சூரிய நண்பகல், அதாவது சூரியன் அன்றைக்கு மிக உயரத்தில் இருக்கும் நேரம். ஜூனில் 30 செ.மீ. வட்டத்தைக் காலை 11.35க்கும் பிற்பகல் 3.05க்கும் தொட்டால், நடுநேரம் 1.20. பிள்ளை 12 மணியை எதிர்பார்த்திருக்கும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

பினாங்கு ஏறக்குறைய 100.3 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் கடிகாரமோ 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. வித்தியாசம் 19.7 பாகை, பாகைக்கு 4 நிமிடம் என்றால் 79 நிமிடம், அதனால்தான் நண்பகல் 12க்குப் பதில் 1.20 வாக்கில் வருகிறது. கணக்கு இங்கே வந்துவிட்டது. அந்த 120 பாகை எப்படி வந்தது என்று கேட்டால் வரலாறு வரும்: 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்தது. டிசம்பரில் திரும்பச் செய்தால் நண்பகல் நிழல் 27 செ.மீ. அளவுக்கு நீண்டு வடக்கே விழும். ஜூனில் 16 செ.மீ.தான், அதுவும் தெற்கே. மாதத்துக்கு மாதம் நண்பகலும் நகரும், நவம்பர் தொடக்கத்தில் 1.03க்கு வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 1.33 ஆகும். அதைத் தவறான விடை என்று திருத்திவிடாதீர்கள்.

எங்கே கெடும் என்றால், ‘மிகக் குட்டையான நிழல் எப்போது’ என்று நேரடியாகத் தேடுவதில்தான். நண்பகலை ஒட்டி நிழலின் நீளம் மிக மெதுவாக மாறும், நிமிடம் பிடிபடாது. வட்ட முறை அதைத் தவிர்க்கிறது. நான்கு வட்டம் எதற்கென்றால், மேகம் ஒன்றைக் கெடுத்தாலும் மற்றது இருக்கும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
சமையலை வெறும் ‘வாழ்க்கைத் திறன்’ என்று ஒதுக்கிவிடாதீங்க தங்கச்சி. இட்லி மாவு ஒரு நல்ல ஆய்வகம். ஒரே அளவு அகலமுள்ள மூன்று கண்ணாடி பாட்டிலில் ஒரே மாவை ஊற்றுங்க. ஒன்று சமையலறையில், ஒன்று ஏர்கான் அறையில், ஒன்று குளிர்சாதனப் பெட்டியில். தொடக்க மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, மணிக்கொரு தடவை உயரத்தை மில்லிமீட்டரில் எழுதட்டும். பாட்டிலில் பாதிக்கு மேல் ஊற்றினால் பொங்கி வழிந்து அளவு போய்விடும். நடுவில் கிளறினால் காற்றுக் குமிழ் உடைந்து மட்டம் இறங்கும், வரைபடம் குழம்பிவிடும். உப்பையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் பழக்கம் கையில் வந்துவிட்டால் கணினி நிரலில் பிழை தேடும்போதும் அதே பழக்கம்தான் உதவும்.

பிறகு அதே செய்முறையைத் தமிழில் எழுதச் சொல்லி, வேறு யாரிடமாவது கொடுத்து, கேள்வியே கேட்காமல் செய்யச் சொல்லுங்க. ‘கொஞ்சம் தண்ணீர்’, ‘நன்றாக அரைக்கவும்’ என்று எழுதிய இடத்தில் அவர்கள் நின்றுவிடுவார்கள். பிள்ளை தானே திருத்தும். கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை.

செராஸ்_கணக்கு:
கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். தேர்வுப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் வேட்பாளராக (பள்ளி வழியாக இல்லாமல்) கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பன்னாட்டு இடைநிலைத் தேர்வை எழுதும் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல், உயிரியலில் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக 6ஆம் தாளை எழுதலாம். 1 மணி நேரம், 40 புள்ளி. கருவியின் அளவை வாசிப்பது, அட்டவணை போடுவது, வரைபடம், பிழைக்குக் காரணம், எல்லாமே மேலே இரண்டு பேரும் சொன்ன வேலைதான். படத்தை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்யும் பிள்ளை இந்தத் தாளில் தடுமாறும்.

எஸ்.பி.எம். (மலேசியாவின் படிவம் 5 அரசுத் தேர்வு) பக்கம் போவதாக இருந்தால் மலாய் மொழியும் வரலாறும் தேர்ச்சி பெறாமல் சான்றிதழ் கிடையாது. அவை இரண்டையும் திட்டப்பணியோடு கலந்துவிடாமல் தனி நேரம் கொடுங்கள்.

அட்டவணையில் எனக்கு ஒன்று இடிக்கிறது: தச்சு, தையல், நிரல் மூன்றும் ஒரே வாரத்தில் வேண்டாம். கணிதமும் மொழிகளும் தினமும் காலையில். கைவேலை ஆறு வாரத்துக்கு ஒன்று, முடிந்த பொருள் ஒன்று கையில் இருக்க வேண்டும். முடிக்காத மூன்றைவிட, கால் ஆடாமல் நிற்கும் ஒரு முக்காலி மேல்.

பாயான்பாரு_அம்மா:
மிக்க நன்றி. நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம், தோட்டம் கிடையாது. நிழல்கோலை எங்கே வைப்பது?

நிழல்கோல்:
மேல்மாடிக் கார் நிறுத்துமிடம் போதும், நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தரை மழைநீர் வடியச் சரிவாக இருக்கும், நேராகத் தரையில் வரைய வேண்டாம். 1 மீட்டர் சதுர பிளைவுட் பலகையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள், ஓடும் பக்கத்தின் அடியில் மடித்த அட்டையைச் செருகுங்கள். டின்னைப் பலகையின் நடுவில் வைத்து, அடியைச் சுற்றிப் பென்சிலில் கோடு போட்டுவிட்டால், காற்றில் நகர்ந்ததா என்று உடனே தெரியும்.