பாதிக் குரங்கு, பாதி மனிதன்: அப்படி ஓர் எலும்பு உண்டா?

கேள்வி:
அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம். "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் நடுவில் இருந்தவன் எங்கே? பாதி அதுவாகவும் பாதி இதுவாகவும் ஓர் எலும்புக்கூட்டைக் காட்டு" என்கிறார். லூசி என்று பெயரிட்ட ஆதிகால எலும்புக்கூட்டைச் சொன்னேன். "அது வெறும் குரங்கு. நாலு எலும்பை ஒட்டவைத்துக் கதை கட்டுகிறார்கள்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். புதைபடிவங்களின் பெயர்ப் பட்டியல் என்னிடமே இருக்கிறது. எலும்பைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

பதில் 1:
முதலில் அண்ணனின் கேள்வியைத் திருத்துங்கள். இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. சிம்பன்சியின் வழியும் நம் வழியும் பிரிந்து 60, 70 லட்சம் ஆண்டுகள் இருக்கும்.

பதில் 2:
முப்பது ஆண்டுகள் மருத்துவ மாணவர்களுக்கு எலும்புப் பாடம் எடுத்தவன் நான். பெயர்களை விடுங்கள், தொடையெலும்புக்கு வாருங்கள்.

மனிதத் தொடையெலும்பை, முழங்கால் பக்கத்துக் குமிழ்கள் இரண்டும் மேசையில் படியும்படி நிறுத்துங்கள். நேராக நிற்காது, வெளிப்புறம் சாயும். நம் தொடைகள் இடுப்பிலிருந்து உள்நோக்கி இறங்கி முழங்கால்களை நெருக்கி வைக்கின்றன. ஒரு காலைத் தூக்கினாலும் மறு கால் உடலின் நடுவே தாங்குவது அதனால்தான். சிம்பன்சியின் எலும்போ ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். இரண்டு காலில் நடக்கும்போது அது பக்கத்துக்குப் பக்கம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

1973இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜோஹான்சன் என்ற புதைபடிவ ஆய்வாளருக்கு ஒரு முழங்கால் மூட்டு கிடைத்தது. சின்னஞ்சிறியது, ஏதோ குரங்கினுடையது என்றுதான் முதலில் எண்ணினார். துண்டுகளைப் பொருத்திப் பார்த்தால் அதே சாய்வு! வயது சுமார் 34 லட்சம் ஆண்டுகள். மறு ஆண்டுதான் லூசி கிடைத்தாள். நாலு எலும்பு இல்லை ஐயா, முழு எலும்புக்கூட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. இடுப்பெலும்பு நம்முடையதைப் போலக் குட்டையாகக் கிண்ணம்போல் அகன்றிருக்கிறது. ஆனால் அவள் இனத்தின் விரலெலும்புகள் மரமேறிகளுக்கு உரியபடி வளைந்தவை. மூளை 450 கன செ.மீ. அளவில்தான்; நமக்குச் சுமார் 1,350. இடுப்புக்குக் கீழே கிட்டத்தட்ட நாம், கழுத்துக்கு மேலே கிட்டத்தட்ட மனிதக் குரங்கு. அண்ணன் கேட்ட பாதிப் பாதி வேறு எப்படி இருக்க வேண்டுமாம்?

ஒட்டவைத்தார்கள் என்று மறுபடியும் சொன்னால் தான்சானியாவின் லேட்டோலிக்கு அழைத்துப் போங்கள். 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈர எரிமலைச் சாம்பலில் நடந்து போனவர்களின் தடங்களை 1978இல் மேரி லீக்கியின் குழு வெளிக்கொணர்ந்தது. பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னோக்கி இருக்கிறது. காலடித் தடத்தை யார் ஒட்டவைப்பது?

கேள்வி கேட்டவர்:
போலி எலும்புகளை ஆதிமனிதன் என்று காட்டிய பில்ட்டவுன் மோசடியை அண்ணன் எடுத்துவிட்டார். இந்த வயதுக் கணக்கெல்லாம் கார்பன் முறைதானே, அது தவறும் என்றும் சொல்கிறார்.

பதில் 3:
கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் உதவாது. இங்கே அளப்பது எலும்பை அல்ல, மேலும் கீழும் படிந்த எரிமலைச் சாம்பலை. அதிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு சீரான வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறுகிறது; சேர்ந்த ஆர்கானை அளந்து வயதைக் கணக்கிடுகிறார்கள்.

பதில் 2:
பில்ட்டவுன் எனக்குப் பிடித்த கதை. 1912இல் மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, பல்லை அரத்தால் ராவி, சாயமும் ஏற்றினார்கள். மண்ணில் கிடக்கும் எலும்பில் காலப்போக்கில் சேரும் புளூரின் அளவும் அரத்தின் கீறல்களும் காட்டிக்கொடுக்க, 1953இல் அம்பலமானது. கவனியுங்கள்: முதலில் வளர்ந்தது மூளைதான் என்று அக்கால அறிஞர்கள் பலர் நம்பினார்கள். புரட்டுக்காரரும் அதற்கேற்பத் தலையை மனிதனாகவும் தாடையைக் குரங்காகவும் செய்துவிட்டார். உண்மையான எலும்புகள் வேறு மாதிரி வந்தன. தென்னாப்பிரிக்காவில் கிடைத்து 1925இல் ரேமண்ட் டார்ட் அறிவித்த குழந்தை மண்டையோடு ஒன்று உண்டு, டாங் குழந்தை என்பார்கள். அதற்கு மூளை சிறியது, ஆனால் தண்டுவடம் நுழையும் துளை மண்டையின் அடியில், நிமிர்ந்து நடப்பவர்க்கு உரிய இடத்தில் இருந்தது. எதிர்பார்த்த கலவை இல்லை என்பதால் அதை இருபது ஆண்டுகளுக்கு மேல் பலர் ஒதுக்கிவைத்தார்கள். போலிக்கு மாலை, அசலுக்குத் திண்ணை!

கேள்வி கேட்டவர்:
அண்ணன் அரை மணி நேரமாகப் பேசவில்லை. இப்போது, மேசையில் நிறுத்திப் பார்க்க ஒரு தொடையெலும்பு கிடைக்குமா என்கிறார்.

பதில் 2:
மாணவர்கள் வாங்கும் பிளாஸ்டிக் மாதிரி போதும். இடதா வலதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், சாயும் பக்கம் மாறும்.