அவசர உதவி: மழையில துப்பாக்கி வெடிக்க மாட்டேங்குது

உப்பங்கழி:
வணக்கம் மக்களே. மழை பெஞ்சா துப்பாக்கி வெடிக்கல. குதிரை (அதான், சுத்தி) விழுது, பொறி வருது, அதோட சரி. மூணு நாளா மண்டைய உடைச்சிக்கிறேன், எதை மாத்தணும்னு யாராவது சொல்லுங்க, நாளைக்கு காலைல குடுத்தாகணும்.

சோடாமூடி:
எந்த ஸ்டேஷன்ல குடுக்கணும் தலைவா?? லைசென்ஸ் இருக்கா

கெடிலக்கரை:
என்ன மாடல்? குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிறதா? பொறி எதுலேர்ந்து வருது? ஒண்ணுமே சொல்லாம உதவின்னா எப்படி?

உப்பங்கழி:
ஐயோ காமிக்ஸ் பா. கற்பனை உலகம். நம்ம கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) ஹார்பர் மாதிரி ஒரு ஊரு, ஆனா ஐப்பசி மழை எட்டு மாசம் பெய்யும். ஹீரோயின் படகுலேர்ந்து சுடணும். நான் பாட்டுக்கு சிக்கிமுக்கி கல்லுன்னு எழுதிட்டேன், வரையற ஃப்ரெண்டு இது மழையில எப்படிடா வெடிக்கும்னு கேட்டு உயிர எடுக்குறான்.

ஏட்டுச்சுரைக்காய்:
இதை நான் ரெண்டு வருஷம் முன்னாடியே விரிவா எழுதியாச்சு, தேடிப் பாத்துட்டு கேட்டிருக்கலாம். சரி, தெரியாதவங்களுக்காக. முதல்ல வந்தது திரி. கயிறு கனிஞ்சிக்கிட்டே இருக்கும், மழையில அவிஞ்சிடும், ராத்திரில கங்கு எதிரி கண்ணுக்குத் தெரியும். 16ஆம் நூற்றாண்டுல சக்கரம் வந்துது, கடிகாரம் மாதிரி சாவி குடுத்து வெச்சா சக்கரம் சுத்தி கல்லுல உரசும், ஆனா விலை ஜமீன்தார் விலை. 1610 வாக்குல பிரான்ஸ்ல கல்லுப் பூட்டு, பூட்டுன்னா மருந்த பத்த வெக்கிற பாகம். இதுல கல்லு போய் மோதுற எஃகுத் தகடுதான் மருந்துக் கிண்ணிக்கு, அதாவது பத்த வெக்கிற மருந்து போடுற சின்னக் குழிக்கு, மூடியே. மோதின நொடி மூடி திறந்துக்கும், மழையும் உள்ள வரும். இது தெரியாம கதை எழுத வந்தா இப்படித்தான்.

கெடிலக்கரை:
எனக்கென்னமோ தகடு மேலதான் சந்தேகம். அது பச்சை இரும்பா இருந்தா பொறி வராது, தோய்ச்சு கெட்டிப்படுத்தின எஃகா இருக்கணும். உங்க கதைல கொல்லன் யாரு?

சோடாமூடி:
பொறி வருதுன்னு மொத பதிவுலயே சொல்லிட்டாரே அண்ணே

கெடிலக்கரை:
இருந்தாலும் தகடுதான்.

வில்லியனூர்க்காரி:
பூட்டு மேல ஒரு தோல் உறை போட்டு, குழல் வாய்க்கு மரத்தக்கை அடைச்சு வெச்சுட்டு, சுடுற நேரத்துல எடுக்கச் சொல்லுங்க. நிஜத்துலயும் அதானே பண்ணாங்க. 1757 பிளாசி சண்டைல நடுவுல மழை கொட்டினப்போ இங்கிலீஷ்காரன் மருந்த தார்ப்பாய் போட்டு மூடிட்டான், நவாப் பக்கம் நனைஞ்சு போச்சு. துப்பாக்கிக்கு முன்னாடி தார்ப்பாய வரைங்க.

ஏட்டுச்சுரைக்காய்:
அது இருக்கட்டும், கற்பனை உலகத்துல 'துப்பாக்கி' எப்படி வந்துது? அது துருக்கி வார்த்தை. 'பீரங்கி' ஃபிரங்கி, அதாவது பரங்கியன்கிற வார்த்தைலேர்ந்து வந்தது. பரங்கியனே இல்லாத உலகத்துல பீரங்கியா?

சோடாமூடி:
அப்ப அந்த உலகத்துல ஜன்னல், சாவி, மேசை எதுவும் கூடாது. எல்லாம் போர்த்துகீசு. கதவ எப்படி சார் பூட்டுவாங்க

ஏட்டுச்சுரைக்காய்:
திறவுகோல்னு ஒண்ணு இருக்கு தம்பி.

கெடிலக்கரை:
பீரங்கின்னதும் ஞாபகம் வருது, 1690ல இங்கிலீஷ்காரனுங்க எங்க கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைய வாங்கினப்போ குண்டு விழுற தூரம் வரைக்கும் நிலம்னு பேசி சுட்டுப் பாத்தானுங்களே, குண்டு உப்பலவாடிக்கு அதுலதான் பேருன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. அத கதைல வைங்க, செமயா இருக்கும்.

சோடாமூடி:
இழைய அப்படியே உப்பலவாடிக்கு ஓட்டிட்டு போயிட்டீங்க, அவரு காலைல குடுக்கணுமாம்

வில்லியனூர்க்காரி:
@உப்பங்கழி, தீபாவளி ரோல் கேப்ப யோசிச்சீங்களா? செவப்பு பேப்பர்ல பொட்டு பொட்டா மருந்து, தட்டத் தட்ட அடுத்த பொட்டு மேல ஏறும். 1845ல மேனார்டுன்னு ஒரு அமெரிக்கர் நிஜ துப்பாக்கிக்கே அத பேட்டன்ட் வாங்கினார். அதுக்கும் முன்னாடி 1807ல ஃபோர்சைத்துன்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார், கிண்ணில பத்துற வெளிச்சத்தப் பாத்தே பறவை பறந்துடுதுன்னு, தட்டினா வெடிக்கிற மருந்துக்கு மாறினார். 1834ல இங்கிலாந்துல கல்லுத் துப்பாக்கி, தட்டினா வெடிக்கிற கேப் துப்பாக்கி ரெண்டையும் 6000 தடவ சுட்டுப் பாத்ததுல கல்லு 922 தடவ ஏமாத்துச்சு, கேப் 36 தடவதான். ஆனா பேப்பர் ரோல் ஈரம் தாங்காது. எங்க வீட்ல வருஷா வருஷம் முறத்துல போட்டு மாடில காய வெப்போம், மேகம் கட்டினா அவ்ளோதான், எவ்ளோ தட்டினாலும் டொக்கு டொக்குன்னு இரும்புச் சத்தம் மட்டும் வரும். பேப்பருக்குப் பதிலா மருந்து செம்பு மூடிக்குள்ள இருந்தா தாங்கும்.

உப்பங்கழி:
ரோல் கேப்பே வெச்சுட்டேன். மொத ரெண்டு பொட்டு நமுத்துப் போவும், மூணாவது வெடிக்கும். அந்த டொக்கு டொக்குக்கு ரெண்டு கட்டம் தனியா ஒதுக்கியாச்சு. நன்றிக்கா, ஃப்ரெண்டு வாசல்ல நிக்கிறான்.

கெடிலக்கரை:
அப்ப தகடு?

ஏட்டுச்சுரைக்காய்:
எட்டு மாசம் மழை பெய்யிற ஊர்ல பேப்பர் எதுல செய்றாங்க?